மாக்கோழியும் இளையோர் உள்ளமும்

கதை கேட்டு வளர்ந்த சமுதாயம் நம்முடையது. அறத்தைச் சூத்திரமாகக் கற்றவர் நம்முள் சிலரே. கதையாகக் கேட்டு நெஞ்சில் நிறுத்திக்கொண்டவரே பலர். வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளிலுள்ள நம் ஊர்களில், பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு, திண்ணையில் அமர்ந்து பாட்டிமார் கூறிய சீவகன் கதையும் யசோதரன் கதையும் இன்று ஐம்பது வயதைக் கடந்தோர் உள்ளத்தில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். அவ்வூர்களை விட்டுத் தொழில் நிமித்தமாக வெளியேறிய குடும்பங்கள் இன்று பல இடங்களில் வாழ்கின்றன. நாம் வாழும் மறைமலை நகரும் அத்தகைய இடங்களுள் ஒன்று. ஒரு புறம் ஜி.எஸ்.டி. சாலை, மறுபுறம் ஒரகடம், திருப்பெரும்புதூர் வரை நீளும் தொழிற்கூடங்கள். இங்குத் திண்ணையும் இல்லை. கதை கூறப் பாட்டிமாரும் பெரும்பாலும் உடன் இல்லை.

ஆயினும் கதை கேட்கும் ஆவல் பிள்ளைகளிடம் மறைந்துவிடவில்லை. பதின்மூன்று முதல் பத்தொன்பது வயதுடைய நம் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் வெளிவரும் இளையோர் நாவல்களை விரும்பிப் படிக்கின்றனர். அவற்றுள் பல, தம் வயதையொத்த ஒரு சிறுவனோ சிறுமியோ இரு வழிகளுக்கிடையே நின்று, எது அறம் என்று தெளிய முடியாமல் தவிப்பதையே பொருளாகக் கொண்டவை. “இவற்றைப் பிள்ளைகள் படிக்கலாமா? பெரியோர் சொல்லை மீறக் கற்றுக்கொடுப்பனவாக உள்ளனவே!” என்று பெற்றோர் சிலர் நம்மிடம் வினவினர். அவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

அயல்நாட்டுக் கதைகள் இரண்டு

முதலில் அவ்வகைக் கதைகள் யாவை என்பதை ஒருவாறு காண்போம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் எழுதிய ‘ஹக்கிள்பெரி ஃபின்’ 1884-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஏறத்தாழ பதின்மூன்று வயதுடைய ஹக், தப்பியோடிவந்த ஜிம் என்னும் கறுப்பின அடிமையோடு தெப்பத்தில் ஆற்றுவழியே பயணம் செய்கிறான். ஓடிவந்த அடிமையை உடையவரிடம் காட்டிக்கொடுப்பதே கடமை என்றும், மறைத்து வைப்பது திருட்டு என்றும் அக்காலச் சட்டமும் சமயப் போதனையும் அவனுக்குக் கற்பித்திருந்தன. அவனும் உடையவளுக்குக் கடிதம் எழுதிவிடுகிறான். பின்னர் ஜிம் தன்பால் காட்டிய அன்பை எண்ணிப் பார்த்து, நரகமே கிட்டினும் கிட்டுக என்று அக்கடிதத்தைக் கிழித்தெறிகிறான். தான் செய்தது பாவம் என்றே அச்சிறுவன் கருதுகிறான். படிப்போர்க்கோ அது அறமாகத் தோன்றுகிறது.

மற்றொன்று லோயிஸ் லோரி என்னும் பெண் எழுத்தாளர் 1993-இல் வெளியிட்ட ‘தி கிவர்’. அந்நாவலில் வரும் ஊரில் பசியில்லை, போரில்லை, துன்பமில்லை. முதியோரையும் குறையுடைய குழந்தைகளையும் ‘விடுவித்தல்’ என்றொரு வழக்கம் மட்டும் உண்டு. விடுவிக்கப்பட்டோர் வேறெங்கோ செல்வதாகவே பிள்ளைகள் நம்பி வளர்கின்றனர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஜோனாஸ் ஒரு நாள் உண்மையை அறிகிறான். விடுவித்தல் என்பது ஊசி மூலம் கொல்லுதலே. இரட்டைக் குழந்தைகளுள் எடை குறைந்ததைத் தன் தந்தையே, கனிவான மொழி பேசியவாறு, ‘விடுவிப்பதை’ அவன் காண்கிறான். மென்மையான ஒரு சொல்லுக்குள் கொலை ஒளிந்திருந்ததை உணர்ந்ததும், அடுத்து விடுவிக்கப்படவிருந்த பச்சிளங்குழந்தையை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே வெளியேறுகிறான்.

தமிழில் ‘இளையோர் நாவல்’ என்னும் வகை தனித்து வளர்வது அண்மைக் காலத்தில்தான். உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ என்னும் இளையோர் நாவல் 2023-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்றது. வகையின் பெயர் புதிதாயினும், பொருள் நமக்குப் புதிதன்று. அறத்தின் இக்கட்டில் சிக்கிய இளையோரின் கதை நம் முன்னோர் இயற்றிய காப்பியத்திலேயே உள்ளது.

நம்முடைய காப்பியம்

ஐஞ்சிறுகாப்பியங்கள் ஐந்தும் சமணர் இயற்றியவையே. அவற்றுள் ஒன்று யசோதர காவியம். முந்நூற்றுக்குச் சற்று மிகுந்த பாடல்களைக் கொண்ட சிறு நூல் அது. இக்கதையைக் கி.பி. 959-இல் சோமதேவ சூரி வடமொழியில் ‘யசஸ்திலகம்’ என்றும், 1209-இல் ஜன்னர் கன்னடத்தில் ‘யசோதர சரிதெ’ என்றும் இயற்றினர். நம் காலத்தில் கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் இதனை ‘ஹிட்டின ஹுஞ்ஜ’, அதாவது ‘மாச்சேவல்’, என்னும் நாடகமாக்கினார். இத்தனை மொழியினரும் திரும்பத் திரும்ப எடுத்துரைக்க இக்கதையில் என்ன இருக்கிறது?

கதை இளையோர் இருவரிடத்தில் தொடங்குகிறது. மாரிதத்தன் என்னும் மன்னன் சண்டமாரி தேவிக்கு விழா எடுக்கிறான். விலங்குகளும் பறவைகளும் இணை இணையாகப் பலிக்கு நிற்கின்றன. மனித இணை ஒன்றையும் தன் கையாலேயே பலியிட விரும்பி ஆளனுப்புகிறான். சுதத்த முனிவரின் சங்கத்தைச் சேர்ந்த அபயருசி, அபயமதி என்னும் உடன்பிறந்தார் இருவர், இளந்துறவியர், உணவு ஏற்பதற்காக நகருக்குள் வருகின்றனர். அவர்கள் பிடிபட்டுக் கோயில் முன்றிலுக்குக் கொண்டுவரப்படுகின்றனர். வழியிலேயே தமையன் தங்கையைத் தேற்றுகிறான். வாளேந்தி நிற்கும் மன்னன்முன் அவர்கள் அழவில்லை, கெஞ்சவில்லை, சினக்கவும் இல்லை. மன்னனை வாழ்த்துகின்றனர். வியப்புற்ற மன்னன் அவர்கள் யாரென வினவ, அபயருசி தம் முற்பிறப்புகளைக் கூறத் தொடங்குகிறான். வாள் தாழ்கிறது.

அவன் கூறியது இது. உஞ்சயினியை ஆண்ட யசோதர மன்னன், தன் மனைவி அமிர்தமதியின் ஒழுக்கக்கேட்டை ஓரிரவு நேரிற் கண்டான். வாளை உருவினான், பின் அடக்கிக்கொண்டான். மறுநாள் முகம் வாடியிருந்த மகனைக் கண்டு தாய் சந்திரமதி காரணம் கேட்டாள். உண்மையைச் சொல்ல நாணித் தீய கனவு கண்டதாகக் கூறினான். கனவின் தீமை நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி இடுமாறு தாய் வற்புறுத்தினாள். கொலை அறமன்று என மகன் மறுத்தான். அப்படியாயின் மாவினால் ஒரு கோழி செய்து அதைப் பலியிடுக என்றாள் தாய். அவள் சொல்லை மேலும் தட்ட மனமின்றி யசோதரன் இசைந்தான். மாக்கோழி வெட்டுண்டது. பின்னர்த் தாயும் மகனும் அமிர்தமதி இட்ட நஞ்சால் இறந்து, மயில், நாய், மீன், முதலை, ஆடு, எருமை, கோழி எனப் பல பிறப்பெடுத்து உழன்று, அறவுரை கேட்டதன் பயனாய் அபயருசியும் அபயமதியுமாகப் பிறந்தனர். பலிக்களத்தில் நிற்கும் அவ்விருவரே முன்பு பலியிட்ட மகனும் தாயும்.

பதினான்கு வயதுச் சிறுமியின் வினா

நம் இல்லத்தில் ஞாயிறுதோறும் அண்டை வீட்டு நம் பிள்ளைகள் சிலர் கூடுவர். ஒரு முறை இக்கதையைக் கூறி முடித்தோம். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, “மாவுக்கு உயிர் இல்லையே, ஐயா! ஓர் உயிரும் சாகவில்லை. அம்மாவின் மனம் நோகக் கூடாது என்றுதானே அவர் ஒப்புக்கொண்டார்? அதற்கு இத்தனை பிறவித் துன்பமா? இது நியாயமா?” என்றாள். அவள் முடிக்குமுன் ஒரு சிறுவன், “கைப்பேசி விளையாட்டில் தினமும் நூறு பேரைச் சுடுகிறேன். அதுவும் மாக்கோழியா?” என்றான். மற்றொருவன், ஆயுத பூசையன்று தொழிற்கூட வாயிலில் குங்குமம் தடவி உடைக்கப்படும் பூசணிக்காயைப் பற்றிக் கேட்டான்.

நாம் உடனே சாத்திர விடையைக் கூறினோம். தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுங்கால், உயிரைப் போக்குதலை மட்டும் கூறாது, அதற்குக் காரணமான, விழிப்பிழந்த மன மொழி மெய்ச் செயலையும் சேர்த்தே கூறுகிறது. அமிர்தசந்திர சூரியின் புருஷார்த்த சித்தியுபாயம் இன்னும் ஒருபடி சென்று, பற்று முதலியன உள்ளத்தில் தோன்றுதலே இம்சை, தோன்றாமையே அகிம்சை என்கிறது. உயிரொன்றும் சாகாதபோதும் கொலையின் பயனை ஒருவன் எய்தக்கூடும். உயிர் இறந்தபோதும் ஒருவன் அப்பயனை எய்தாதிருக்கக்கூடும் என்பதும் அந்நூலின் கருத்தே. ஆகவே யசோதரன் வெட்டியது மாவை. ஆயினும் கோழி என்று எண்ணியே வெட்டினான் என்றோம்.

சிறுமி தலையசைத்தாள், அவள் முகம் தெளியவில்லை. நாம் கூறியது விடையாக இருந்ததேயன்றி, அவள் வினாவின் வருத்தத்தைத் தொடவில்லை என்பதை அப்போதே உணர்ந்தோம்.

மண்ணுருவும் மாவுருவும்

அன்றிரவு நமக்கு நீலகேசியின் தொடக்கம் நினைவுக்கு வந்தது. 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த அந்நூலிலும் ஒரு பலி வருகிறது. பாஞ்சால நாட்டிலிருந்த காளி கோயிலுக்கு, மகப்பேறு வாய்த்த மகிழ்ச்சியில் உயிர்ப்பலி கொண்டுவருகின்றனர். அங்குத் தவமிருந்த முனிச்சந்திரர் அவர்களைத் தடுத்து, உயிருள்ள விலங்குக்கு மாறாக மண்ணால் செய்த உருவை வைத்து வணங்கினால் போதும் என்று அறிவுறுத்துகிறார். அவர்களும் அவ்வாறே செய்து திரும்புகின்றனர்.

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ஒரு காப்பியத்தில் மாவுருவம் பெருங்கேட்டுக்குக் காரணமாகிறது. மற்றொரு காப்பியத்தில் மண்ணுருவை முனிவரே பரிந்துரைக்கிறார். இரண்டும் நம் நூல்களே. முரண்பாடா இது?

அன்று எனத் துணியலாம். காளி கோயிலுக்கு வந்தோர் கொல்லும் எண்ணத்தோடு வந்தனர். மண்ணுரு அவர்களை அவ்வெண்ணத்தினின்று கீழிறக்கியது. அதை அவர்கள் வெட்டவில்லை, வைத்துவிட்டுச் சென்றனர். யசோதரனோ கொல்லாமையை அறிந்தவன், மறுத்துப் பேசியவன். மாவுரு அவனை அவ்வுறுதியினின்று கீழிறக்கியது. ஒரே பொருள் ஒருவனுக்கு ஏறும் படியாகவும் மற்றொருவனுக்கு இறங்கும் படியாகவும் ஆயிற்று. பூசணிக்காய் உடைக்கும் அண்டை வீட்டாரைப் பற்றித் தீர்ப்புக் கூற இக்கதை நமக்கு இடந்தரவில்லை. அவர் உள்ளத்தில் கொலை எண்ணமே இல்லாதிருக்கலாம். கைப்பேசி விளையாட்டைப் பற்றியும் அச்சிறுவனே தன் உள்ளத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். தான் எங்கு நின்றோம், இப்போது எங்கு நிற்கிறோம் என்று தன்னைத்தானே வினவுவதற்கே இக்கதை பயன்படும்.

தொழிற்கூடத்தில் ஒரு மாக்கோழி

இதற்கு அடுத்த வாரம் பதினெட்டு வயதுடைய இளைஞர் ஒருவர் நம்மைத் தனியே சந்தித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை தம் தம்பியை அழைத்துச் செல்ல வந்தவர், வாயிலில் நின்று கதையைக் கேட்டிருக்கிறார். ஐ.டி.ஐ. படிப்பை முடித்து, இப்பகுதியில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் அப்ரண்டிஸாகப் பணியாற்றுபவர். ஒவ்வொரு மணி நேரமும் ஐந்து பாகங்களை எடுத்து, வெர்னியர் கருவியால் அளந்து, தாளில் குறிப்பது அவர் வேலை. ஒரு நாள் இரவு ஷிப்டில் உற்பத்தி பின்தங்கிவிட்டது. “அளந்துகொண்டு நிற்காதே, தம்பி. மெஷின் சரியாகத்தான் ஓடுகிறது. எண்ணை எழுதி வை” என்றார் மேற்பார்வையாளர். இவரும் எழுதினார். மறுநாளும் எழுதினார். மூன்றாம் நாள் எவரும் சொல்லாமலேயே எழுதினார்.

“பாகம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஐயா. யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி என்னைக் கேட்டதுபோல் இருந்தது. முதல் நாள் கை நடுங்கிற்று. மூன்றாம் நாள் நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது” என்றார்.

சிறுமியின் வினாவுக்கு நாம் தரத் தவறிய விடையை அவ்விளைஞர் தந்துவிட்டார். யசோதரன் அடைந்த பிறவிகளை வெளியிலிருந்து எவரோ விதித்த தண்டனையாக எண்ணுவதனால்தான் அநியாயம் என்று தோன்றுகிறது. வினை என்பது நீதிபதியின் தீர்ப்பன்று. செய்தவன் உள்ளத்தில் செயல் விட்டுச்செல்லும் படிவு அது. மாக்கோழி கோழிக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. வெட்டிய கையைப் பழக்கிவிட்டது. நடுக்கம் நின்ற அந்தக் கையே அவ்விளைஞர் கண்ட மறுபிறப்பு.

“இப்போது என்ன செய்வது?” என்று அவர் கேட்டபோது நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை. வீட்டில் கடன் இருக்கிறது. அவர் ஊதியத்தை நம்பித் தம்பி படிக்கிறான். மறுத்தால் வேலைக்கு இடர் நேரலாம். வாய்மையை விடாதே என்று உபதேசித்துவிட்டு வீட்டுக்குள் செல்வது நமக்கு எளிது. மறுநாள் அந்த இயந்திரத்தின்முன் நிற்கப்போகிறவர் அவர். அளக்காததை அளந்ததாக இனி எழுதவேண்டா, பிறரைக் குற்றஞ்சாட்டவும் வேண்டா, அளப்பதற்குப் பத்து நிமிடம் கேட்டுப் பாரும் என்று மட்டும் கூறினோம். அவர் கேட்டார். கடிந்துரைக்கப்பட்டார். சில நாள்களில் பெட்டி அடுக்கும் பகுதிக்கு மாற்றப்பட்டார். அங்கு அளக்கும் தொழிலைக் கற்க வழியில்லை. அவர்க்கு நன்மை விளைந்தது என்று எழுத நமக்கும் ஆசையே. ஆனால் அப்படி எழுதினால் அதுவும் அளக்காமல் எழுதிய எண்ணாகிவிடும். நாம் கூறிய அறிவுரை சரியானதுதானா என்று இன்றும் சில வேளைகளில் எண்ணுகிறோம். அவர் மட்டும், “இப்போது தூக்கம் வருகிறது, ஐயா” என்றார்.

மாவைப் பிசைந்தது யார்?

இனிப் பெற்றோர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இளையோர் நாவல்கள் பெரியோர் சொல்லை மீறக் கற்பிக்கின்றனவா? யசோதர காவியத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். மகன் மறுத்தான். மாக்கோழியைக் காட்டியவள் தாய். அவள் கொடியவளல்லள், மகன்மீது கொண்ட பேரன்பினாலேயே அவ்வாறு கூறினாள். அவள் அன்புக்கு இணங்கியதே மகனை வீழ்த்தியது. பெரியோர் சொல்லையும் அறத்தின்முன் நிறுத்தி ஆராயவேண்டும் என்பதை ஹக்கும் ஜோனாஸும் கூறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நம் புலவர் கூறியிருக்கிறார். மீறுவது எப்படி என்பதையும் அபயருசி காட்டியிருக்கிறான்: சினமின்றி, அச்சமின்றி, எதிர்நிற்பவரையும் வாழ்த்தியவாறு.

நம் இல்லங்களில் மாவைப் பிசைபவர் யார் என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். விடுப்பு வேண்டுமெனில் காய்ச்சல் என்று எழுதிக்கொடு என்கிறோம். செய்முறைப் பதிவேட்டில் செய்யாத சோதனையைத் தோழனைப் பார்த்து எழுதிக்கொள் என்கிறோம். பொழுது சாய்ந்தபின் ஏன் உண்பதில்லை என்று உடன் படிப்போர் கேட்டால் வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிடு என்கிறோம். எல்லாம் பிள்ளைகளின் நன்மை கருதியே. யசோதரன் வீழ்ச்சியும் தாயிடம் சொன்ன ஒரு சிறு பொய்க் கனவிலேதான் தொடங்கியது. அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் பலிக்கே இடமில்லை. வருத்தத்தைத் தாயிடம் உள்ளபடி சொல்ல இயலாத இல்லத்தில்தான் மாக்கோழிக்கு வேலை வருகிறது.

ஆதலின் நம் வேண்டுகோள்கள் இரண்டு. பிள்ளைகள் படிக்கும் நாவல்களைப் பறிக்கவேண்டா. அவற்றை நாமும் படிப்போம். ஹக் கடிதத்தைக் கிழித்தது சரியா, ஜோனாஸ் ஊரைவிட்டுச் சென்றது சரியா என்று அவர்களைக் கேட்போம். விடையை உடனே நாம் கூறிவிடாமல் அவர்கள் சிந்திக்க இடம் விடுவோம். நம் வினாக்கள் நின்ற பிறகே அவர்கள் தம் வினாக்களைக் கேட்பர். இது முதலாவது. இரண்டாவதாக, அதே மேசையில் யசோதர காவியத்தையும் வைப்போம். உரையோடு படிப்பினும் சில மாலைகளில் முடியக்கூடிய நூல் அது. முடிவை முதலிலேயே சொல்லி அச்சுறுத்தாமல், “தாய் இப்படிக் கேட்கிறாள், நீ யசோதரனாயின் என்ன செய்வாய்?” என்ற இடத்தில் நூலைச் சற்றே மூடி வைப்போம்.

அச்சிறுமி இரு வாரம் கழித்து மீண்டும் வந்தாள். “யசோதரன் அம்மாவிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்தேன். ‘அம்மா, எனக்கு வருத்தமாக இருக்கிறது. காரணத்தை இப்போது சொல்ல முடியவில்லை’ என்று சொல்லியிருக்கலாமே?” என்றாள். பொய்யும் இல்லை, பலியும் இல்லை. காப்பியத்தில் எவரும் காணாத வழியைப் பதினான்கு வயதுப் பெண் கண்டுவிட்டாள். தன் வீட்டிலும் அவ்வாறு சொல்ல அவளுக்கு இடம் கிடைக்கவேண்டும். அதைத் தருவது நம் கடமை.

அறம் வளர்க!